கொலை எப்படிப்பா பப்ளிக் ஹெல்த்ல வரும்?

அல்சூர்வாசி:
பெங்களூர்ல எம்பிஹெச், அதான் பப்ளிக் ஹெல்த்ல மாஸ்டர்ஸ், படிக்கிறேன். செமினாருக்கு எனக்கு விழுந்த டாபிக் அமெரிக்காவுல கறுப்பின இளைஞர்கள் கொலையாகுறது. 15லேருந்து 34 வயசு கறுப்பின ஆம்பளைங்க சாவுக்கு முதல் காரணமே கொலைதான்னு அமெரிக்க அரசோட நோய்த்தடுப்பு அமைப்பு சிடிசி கணக்கு, ஆக்சிடென்ட் கூட அப்புறம்தான். சரி, ஆனா கொலைன்னா போலீஸ், கோர்ட்டு. இதுல நமக்கு என்ன வேலைன்னு கிளாஸ்ல கேட்டா என்ன சொல்றது?

நைட்டூட்டி அக்கா:
கேஷுவாலிட்டில வேலை பாத்தா புரியும் தம்பி. லாங்குன்ற நீட்டு கத்தியால வெட்டுப்பட்டு ஒருத்தன் வருவான், போலீஸுக்கு போற எம்எல்சி ரிப்போர்ட் எழுதி தையல் போட்டு டிடி ஊசி குத்தி வார்டுக்கு ஏத்திடுவோம், ஆனா வெளிய அவன் பசங்க நாலு பேர் "எவன்டா அவன், இப்ப எங்க இருக்கான்"னு போன்ல கத்திட்டு நிப்பானுங்க, அடுத்த கேஸ் அங்கயே ரெடியாகுது. அமெரிக்காவுல கத்திக்கு பதில் துப்பாக்கி, அவ்ளோதான். கலிஃபோர்னியா ஓக்லாண்ட்ல 1994லயே இத புடிச்சிட்டாங்க. குண்டு பட்டு வந்த பையன் பெட்டுகிட்டயே அதே ஏரியா ஆள உக்கார வச்சாங்க, பழிவாங்க போகாதடான்னு பேச, டிஸ்சார்ஜுக்கு அப்புறம் ஸ்கூல் வேலைன்னு கூடவே அலைய. நாங்க சொன்னா எங்க கேக்குறானுங்க!

ஃபில்டர்காபி:
சிகாகோ கேரி ஸ்லட்கின்ன விட்டுடாத ப்ரோ. ஆப்பிரிக்காவுல காலரா, எய்ட்ஸ் பாத்த டாக்டர். ஊர் திரும்பி கொலை நடந்த இடத்த மேப்ல வச்சா காலரா மாதிரியே கொத்து கொத்தா இருக்கு. 2000ல வெஸ்ட் கார்ஃபீல்ட் பார்க்ன்ற சிகாகோ ஏரியாவுல ஆரம்பிச்சார், சண்டை முத்துறதுக்கு முன்னாடி உள்ள பூந்து பேச ஏரியா ஆளுங்களயே சம்பளத்துக்கு வச்சு. சில ஊர்ல நல்லா வேலை செஞ்சுது, சில ஊர்ல ஒண்ணும் ஆகல, அதையும் சொல்லிடு.

சிவாஜிநகர் பையன்:
எனக்கு இந்த வியாதி பேச்சே புடிக்கல. கிருமின்னு சொல்லிட்டா யார் குத்தம்னு கேக்க வேணாம்ல? 1930கள்ல கறுப்பினத்தவங்க ஏரியாவ மேப்ல சிவப்பு அடிச்சு லோன் குடுக்காம விட்டது அரசாங்கம்தான். இங்க என் அட்ரஸ் பாத்துட்டு கிரெடிட் கார்டுக்காரன் ஃபோன வச்சிட்டான், அங்க தலைமுறை தலைமுறையா அதான். போதாததுக்கு 1996ல சட்டத்துல டிக்கி திருத்தம்னு ஒண்ணு, சிடிசி காசுல துப்பாக்கி கட்டுப்பாட்ட ஆதரிக்க கூடாதுன்னு. அதுல ஆராய்ச்சியே படுத்துடுச்சு, 2020 பட்ஜெட்லதான் மறுபடி 25 மில்லியன் டாலர் வந்துச்சு.

அல்சூர்வாசி:
செம, அந்த ரெண்டு மேப்பையும் பக்கத்து பக்கத்துல போட்டுடுறேன்.

நைட்டூட்டி அக்கா:
போடு. "அவங்களுக்குள்ளயே தான சுட்டுக்குறாங்க"ன்னு எவனாவது கேப்பான் பாரு. வெள்ளைக்காரங்களையும் பெரும்பாலும் வெள்ளைக்காரங்கதான் கொல்றாங்க, பக்கத்துல இருக்கறவன்தான கொல்லுவான்னு சொல்லு.