14 விழாவுக்கு அனுப்பியாச்சு, 2 இடத்துல 'தேர்வு', அதுக்கும் காசு கேக்குறாங்க. குறும்படத்தை இனி எங்க கொண்டு போறது?

உப்பளத்தான்

எல்லாருக்கும் வணக்கம். தூத்துக்குடிக்காரன். உப்பளத்துல வேலை பாக்குற ஒரு அம்மா, அவங்க மக, ரெண்டு பேரையும் வச்சு ஒரு குறும்படம் எடுத்தோம். நீளம் 18 நிமிஷம் 40 நொடி. செலவு ஒன்றே முக்கால் லட்சம், அதுல பாதி எங்கண்ணன் சீட்டு எடுத்த பணம். அவன் இன்னும் ஒண்ணும் கேக்கல. கேக்காம இருக்கிறதுதான் பயமா இருக்கு.

ஃபிலிம்ஃப்ரீவேன்னு விழாக்களுக்குப் படம் அனுப்புற இணையதளம், அது மூலமா 14 விழாவுக்கு அனுப்பினேன். கட்டணம் மட்டும் 19 ஆயிரம் சொச்சம். 9 இடத்துல 'தேர்வாகவில்லை', 3 இடத்துல இன்னும் பதிலே இல்லை, 2 இடத்துல 'தேர்வு'. அந்த ரெண்டும் மாசாமாசம் நடக்கிற விழா. அதுல ஒண்ணு 'சிறந்த அறிமுக இயக்குநர்' விருதே குடுத்திருக்கு, ஆனா கோப்பை வேணும்னா 95 டாலர் கட்டணுமாம், கூரியர் தனி.

இன்னும் ரெண்டு சிக்கல் இருக்கு. பொங்கலுக்கு வீட்டுல எல்லாரும் பாக்கட்டும்னு யூடியூப்ல பொதுவா போட்டுட்டேன். ரெண்டு நாள்ல 400 பேர் பாத்துட்டாங்க. டீக்கடை ரேடியோவுல ஒரு பழைய சினிமாப் பாட்டு ஓடும், அதுக்குக் காப்புரிமை உரிமைகோரல் வந்துச்சு. பயந்துபோய் மறைச்சுட்டேன். இதனால விழா வாய்ப்பே போயிடுச்சா? விழாவெல்லாம் முடிஞ்ச பிறகு இணையத்துல எங்க போட்டா நாலு பேர் பாப்பாங்க?

எடிட்மேசை

95 டாலரைக் கட்டாதீங்க தம்பி. விருது குடுக்கிறவன் கோப்பைக்கு விலை சொன்னா அது கடை.

ஒரு விழா நிஜமா நடக்குதான்னு பாக்க நான் மூணு விஷயம் தேடுவேன். எந்த அரங்கம், போன வருஷ அட்டவணையில எந்தப் படம் எந்த மணிக்கு, நாற்காலியில ஆள் உக்காந்திருக்கிற ஒரு போட்டோ. மாசாந்திர விழாக்கள்ல இது மூணும் இருக்காது. ஆனா எண்பது விருதுப் பிரிவு இருக்கும். ஃபிலிம்ஃப்ரீவேல தங்க நிறத்துல மின்னுற அஞ்சு நட்சத்திர விமர்சனங்களை நம்பாதீங்க, அதெல்லாம் பெரும்பாலும் பரிசு வாங்கினவங்க எழுதினது.

சரி, இப்ப ஒரு கேள்வி. தேர்வுக்கு அனுப்புற பிரதி எங்க இருக்கு? விமியோ வீடியோ தளத்துலயா? விமியோன்னா புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்து எத்தனை தடவை ஓடியிருக்கு, எந்த நாட்டுல, எந்தத் தேதியிலன்னு பாத்துச் சொல்லுங்க. 9 நிராகரிப்புக்கு முதல்ல அதைத்தான் பாக்கணும்.

உப்பளத்தான்

விமியோதான்ணே, பாஸ்வேர்ட் போட்டு வச்சிருக்கேன். இப்பதான் பாத்தேன். மொத்தம் 11 தடவை ஓடியிருக்கு, எல்லாமே ஆகஸ்ட் வரைக்கும். செப்டம்பர்ல இருந்து சுழியம். எனக்குப் புரியல, செப்டம்பருக்கு அப்புறம்தானே 9 விழாவுக்கு அனுப்பினேன்.

எடிட்மேசை

ஆகஸ்ட் கடைசியில எதையாவது மாத்தினீங்களா? லிங்க்கு, பாஸ்வேர்ட், ஏதாவது?

ஒண்ணு செய்யுங்க. பிரௌசர்ல இன்காக்னிட்டோ விண்டோ திறங்க. மனப்பாடமா இருக்கிற பாஸ்வேர்டைத் தட்டாதீங்க. ஃபிலிம்ஃப்ரீவேல உங்க படத்தோட பக்கத்துல எழுதி வச்சிருக்கீங்களே, அந்த லிங்க்கையும் பாஸ்வேர்டையும் அப்படியே காப்பி பண்ணி ஒட்டிப் பாருங்க.

உப்பளத்தான்

ஐயோ.

நடிச்ச பொண்ணோட சித்தப்பா பையன் பாஸ்வேர்டை வாட்ஸப் குரூப்ல போட்டுட்டான்னு ஆகஸ்ட் 28 அன்னிக்கு மாத்தினேன். ஃபிலிம்ஃப்ரீவேல மாத்தல. அங்க இன்னும் பழசுதான் இருக்கு. திறக்கவே மாட்டேங்குது.

எடிட்மேசை

இப்ப கணக்குப் போடுங்க. முதல்ல அனுப்பின 5 விழா பாத்துட்டு வேண்டாம்னு சொல்லியிருக்கு. அது நேர்மையான பதில், ஏத்துக்கலாம். மிச்சம் 9 பேரால படத்தைத் திறந்திருக்கவே முடியாது. அந்த 9ல 4 பேர் 'மிகுந்த பரிசீலனைக்குப் பிறகு' வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. 2 பேர் திறக்காத படத்தைத் 'தேர்வு' பண்ணியிருக்காங்க, அதுல ஒருத்தர் 'சிறந்த அறிமுக இயக்குநர்' விருதே குடுத்திருக்காங்க!

பதில் வராத 3 பேருக்கு இன்னிக்கே மெயில் போடுங்க. மூணு வரி போதும்: பாஸ்வேர்ட் என் தவறு, திருத்திட்டேன், முடிஞ்சா பாருங்க. மன்னிப்பெல்லாம் நீட்டி முழக்க வேண்டாம். நிராகரிச்ச நாலு பேருக்கும் போடலாம், ஆனா எதிர்பார்க்காதீங்க. ஆயிரக்கணக்குல படம் வர்ற இடத்துல லிங்க் திறக்கலைன்னா சில பேர் மெயில் போடுவாங்க, சில பேர் அடுத்த படத்துக்குப் போயிடுவாங்க.

திரையிடல்செல்வி

எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தில் ஆறு வருடமாகப் படங்களைப் பார்த்துத் தேர்வு செய்கிறேன். எடிட்மேசை அண்ணன் லிங்க்கைப் பிடித்துவிட்டார். உங்கள் படத்தைப் பார்த்து முதலில் நிராகரித்த அந்த ஐந்து விழாக்காரர்களின் பக்கத்திலிருந்து நான் பேசுகிறேன்.

குறும்படங்களைத் தனித்தனியாகக் காட்ட மாட்டோம். ஒன்றேகால் மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ வருகிற மாதிரி ஒரு கட்டாகக் கோர்ப்போம். உங்கள் 18.40, இரண்டு ஒன்பது நிமிடப் படங்களின் இடத்தைக் கேட்கிறது. அந்த விலைக்கு அது தகுதியா என்றுதான் மேசையில் பேச்சு நடக்கும். அதனால் கேட்கிறேன், தொடக்கத்தில் நன்றி அட்டைகள் எவ்வளவு நேரம்? நம் ஊர்க் குறும்படங்களில் குலதெய்வம், தாய் தந்தை, கேமரா வாடகைக்குக் கொடுத்தவர், புகை பிடித்தல் எச்சரிக்கை எல்லாம் முடிந்து முதல் ஷாட் வரும்போது ஒன்றரை நிமிடம் ஓடியிருக்கும். பத்தாவது படத்தைப் பார்க்கிறவள் அந்த இடத்தில்தான் கடிகாரத்தைப் பார்ப்பாள். நன்றி முழுவதையும் கடைசிக்குத் தள்ளுங்கள். அம்மா அப்பா கோபிக்க மாட்டார்கள்.

யூடியூப் விஷயம்: ரெண்டு நாள், 400 பார்வை, பெரிய சேதமில்லை. பெரும்பாலான குறும்பட விழாக்கள் முதல் திரையிடல் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதில்லை. பிரான்ஸின் கான் விழாவின் போட்டிப் பிரிவு இணையத்தில் வந்ததை எடுக்காது, ஆனால் அங்கே 15 நிமிடத்துக்கு மேல் போகவே கூடாது என்பதால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. ஆஸ்கர் வழி மட்டும் யோசிக்க வேண்டியது. நீளத்துக்கு 40 நிமிடம் வரை இடமுண்டு, தகுதி பெறுமுன் பொதுவெளியில் வந்ததா என்று பார்ப்பார்கள். விண்ணப்பத்தில் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். மறைத்துப் பிறகு தெரிந்தால் அதுதான் அசிங்கம்.

எங்கே அனுப்பலாம்? என் வரிசை இது. முதலில் மதுரை. மறுபக்கம் அமைப்பு 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழா நடத்துகிறது, டிசம்பரை ஒட்டி. கோப்பைக்கு ஓடுகிற இடமில்லை, பார்ப்பார்கள், பார்த்துவிட்டுச் சண்டை போடுவார்கள். உப்பளத் தொழிலாளி பற்றிய படத்துக்கு அந்தக் கூட்டத்தைவிட நல்ல முதல் கூட்டம் கிடைக்காது. சென்னையில் தமிழ் ஸ்டுடியோவின் திரையிடல்கள், ஊர் ஊராகத் தமுஎகச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்) நடத்துகிறவை, இவற்றையும் விடாதீர்கள்.

அடுத்தது திருவனந்தபுரம். கேரள சலச்சித்திர அகாதெமி 2008 முதல் நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழா, பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில். காலைக் காட்சிக்கே அரங்கம் நிறையும். நீங்கள் தேர்வாகாவிட்டாலும் ரயிலேறிப் போய் மூன்று நாள் உட்காருங்கள், 19 ஆயிரம் கட்டணத்தில் கற்காததை அங்கே கற்பீர்கள். பிறகு பெங்களூரு சர்வதேசக் குறும்பட விழா. ஆஸ்கருக்குத் தகுதி தரும் விழா என்பதால் போட்டி கடுமை. மும்பையில் 1990இல் தொடங்கிய மிஃப் (மும்பை சர்வதேசத் திரைப்பட விழா), ஒன்றுவிட்ட ஒரு வருடம் நடக்கும், ஆவணப்படம், குறும்படம், அனிமேஷன் மூன்றுக்கும் உரியது. மலையேற மனமிருந்தால் இமாச்சலத்துத் தர்மசாலா விழா.

வெளிநாட்டில் ஒன்றே ஒன்றுக்குப் பணம் கட்டுவதானால் பிரான்ஸின் கிளெர்மோன் ஃபெரான். குறும்படத்துக்கென்றே நடக்கும் மிகப் பெரிய விழா, ஜனவரி கடைசி, பிப்ரவரி தொடக்கத்தில். அங்கே குறும்படச் சந்தையும் உண்டு, தொலைக்காட்சிக்காரர்கள் வாங்க வருவார்கள்.

தணிக்கைச் சான்றிதழ் வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். விழாத் திரையிடலுக்கு விலக்கு வாங்குவது விழாக்காரர் வேலை. யூடியூபுக்கும் தேவையில்லை. தேசிய விருதுக்கு அனுப்புவதானால் மட்டும் கட்டாயம் வேண்டும்.

வடமராட்சி

அக்கா சொன்ன பட்டியலிலை யாழ்ப்பாணத்தையும் சேருங்கோ. யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழா 2015இலை தொடங்கினது, குறும்படங்களுக்கு நல்ல இடம் குடுக்கினம். உப்பளம் எண்டா எங்கட சனத்துக்கு விளக்கவே தேவையில்லை, ஆனையிறவு இருக்கு. ஒஸ்லோவிலை நோர்வே தமிழ்த் திரைப்பட விழாவும் 2010 தொடக்கம் நடக்குது, அங்கையும் குறும்படப் பிரிவு இருக்கு.

ஒரு விஷயம் மட்டும். உங்கட படத்திலை தூத்துக்குடிப் பேச்சு எண்டா எங்களுக்கே சில இடத்திலை பிடிபடாது. ஆங்கிலச் சப்டைட்டிலை ஆராவது தமிழ் தெரியாத ஆளுக்குக் காட்டிப் போட்டு அனுப்புங்கோ.

திரையிடல்செல்வி

அதை நான் விட்டுவிட்டேன், நன்றி தம்பி. ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். 'ஏட்டி' என்று அம்மா கூப்பிடுவதற்கெல்லாம் ஆங்கிலம் தேடாதீர்கள், முகமே சொல்லிவிடும். சப்டைட்டில் படத்தோடு ஒட்டின பிரதி ஒன்று, ஒட்டாத பிரதியும் எஸ்ஆர்டி கோப்பும் (சப்டைட்டில் வரிகள் மட்டும் உள்ள கோப்பு) தனியாக ஒன்று, இரண்டும் கையில் இருக்கட்டும்.

நோட்டரிப்பக்கம்

பாட்டைப் பத்தி யாரும் பேசல. பத்து நொடி வரைக்கும் போட்டா பரவாயில்லைன்னு ஒரு நம்பிக்கை ஊர்ல உலாவுது, அப்படி ஒரு விதியே கிடையாது. பின்னணியில ரேடியோவுல ஓடினாலும் பாட்டு பாட்டுதான். யூடியூப்ல உரிமைகோரல் வந்தா பல நேரம் வீடியோவை எடுக்க மாட்டாங்க, விளம்பரக் காசு மட்டும் அவங்களுக்குப் போகும். அதனால சின்ன விஷயம்னு தோணும். ஆனா விழா விண்ணப்பத்துல 'இசை உரிமை அனைத்தும் என்னிடம் உள்ளது'ன்னு டிக் அடிச்சிருப்பீங்களே, அது பொய்யாயிடும். காசு குடுத்து வாங்கற எந்தத் தளமும் முதல்ல இதைத்தான் கேக்கும். பாட்டை எடுத்துட்டு வேற ஒலி வையுங்க. புதுசா இசை போட்டுக் குடுக்கிறவர் நண்பரா இருந்தாலும் ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்து வாங்குங்க. நடிச்ச ரெண்டு பேர்கிட்டயும் அப்படியே.

இணையத்துக்கு வருவோம். உங்க சொந்த சேனல்ல போட்டா காசு வரும்னு நினைக்காதீங்க. விளம்பர வருமானத்துக்கே 1000 சந்தாதாரர், 12 மாசத்துல 4000 மணி நேரப் பார்வை வேணும். ஒரு படத்தோட வர்றவருக்கு அது எட்டாது. அதனால பாக்கெட் ஃபிலிம்ஸ், ஹமாராமூவி மாதிரி ஏற்கெனவே கூட்டம் இருக்கிற சேனல்களுக்கு அனுப்பலாம். வெளியில ஷார்ட் ஆஃப் தி வீக், ஒமெலெட்டோ ரெண்டும் குறும்படம் பாக்கிறவங்க தேடிப் போற இடம்.

ஒப்பந்தம் வந்தா மூணு இடத்துல நிறுத்திப் படிங்க: எத்தனை வருஷம், அவங்களுக்கு மட்டும்தானா, மறுஆக்க உரிமையும் சேர்த்து எழுதியிருக்கா. கடைசியைக் குடுக்கவே கூடாது. இதே கதையை ரெண்டு மணி நேரப் படமா நீங்களே எடுக்கணும்னு நாளைக்குத் தோணும். நம்ம காப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவுப்படி, காலம் குறிப்பிடாம உரிமை எழுதிக் குடுத்திருந்தா அது 5 வருஷம்னு எடுத்துக்கணும், இடம் குறிப்பிடலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும். அதனாலதான் அவங்க தாள்ல 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்'னு மறக்காம எழுதியிருப்பாங்க. அதை அடிச்சுட்டு வருஷத்தை எழுதச் சொல்லுங்க, பல பேர் ஒத்துக்குவாங்க.

எடிட்மேசை

ஒரு ஒட்டு. அரங்கத்துல ஓட டிசிபி, அதாவது தியேட்டர் டிஜிட்டல் புரொஜெக்டருக்கான கோப்பு, கேட்டா ஆயிரக்கணக்குல குடுத்து வெளியில செய்யாதீங்க. அதைச் செய்யற டிசிபி-ஓ-மேட்டிக் மென்பொருள் இலவசம். நொடிக்கு 25 ஃப்ரேம்ல எடுத்திருந்தா 24க்கு மாத்துறப்ப உதட்டசைவு கடைசி வரைக்கும் ஒத்துப்போகுதான்னு முழுப் படத்தையும் ஒரு தடவை பாருங்க. முதல் நிமிஷம் மட்டும் பாத்துட்டு அனுப்பி நான் அசிங்கப்பட்டிருக்கேன்.

உப்பளத்தான்

மூணு வாரம் ஆச்சு, என்ன நடந்துச்சுன்னு சொல்லிடறேன்.

பாஸ்வேர்ட் சரி பண்ணி மூணு பேருக்கும் மெயில் போட்டேன். ஒருத்தர் மறுநாளே 'பார்க்கிறோம்'னு பதில் போட்டார். விமியோவுல அன்னிக்கு ராத்திரி ஒரு பார்வை ஏறியிருக்கு, முழுசா 18 நிமிஷம் 40 நொடியும். அதையே பத்துத் தடவை திறந்து பாத்தேன்.

செல்வி அக்கா, நன்றி அட்டை 1 நிமிஷம் 25 நொடி இருந்துச்சு. கடைசிக்குத் தள்ளினேன், நடுவுல ஒரு நடைக் காட்சியையும் வெட்டினேன், இப்ப 17.05. மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும்தான் இனி, அறிவிப்பு வர்றதுக்குக் காத்திருக்கேன். வடமராட்சித் தம்பி, யாழ்ப்பாணமும் குறிச்சு வச்சிருக்கேன். சப்டைட்டிலை ஒரு ஒடிசா நண்பர்கிட்ட காட்டினேன், ஆறு இடத்துல முழிச்சார்.

ரேடியோப் பாட்டை எடுத்தாச்சு. அந்த இடத்துல டீக்கடைக்காரர் டம்ளர் கழுவுற சத்தமும் தூரத்துல துறைமுகத்துக் கப்பல் ஊதுற சத்தமும் மட்டும் வச்சேன். அண்ணன் பாத்துட்டு, இப்பதான் நம்ம ஊரு மாதிரி இருக்குன்னான்.

கோப்பைக்காரங்களுக்கு ஒரே ஒரு மெயில் போட்டேன்: படத்துல உங்களுக்குப் பிடிச்ச காட்சி எது? அதுக்குப் பதில் இல்லை. நேத்து ஒரு நினைவூட்டல் வந்துச்சு, 20 சதவீதம் தள்ளுபடியாம்.

எடிட்மேசை

போஸ்டர்ல அந்த ரெண்டு விழாவோட 'தேர்வு' இலைவட்ட முத்திரையையும் எடுத்துட்டீங்களா?

உப்பளத்தான்

எடுத்துட்டேன்ணே. போஸ்டர்ல இப்ப நிறைய வானம் தெரியுது.