பந்து உதைக்கிற மகளை ரக்பிக்குக் கூப்பிடுகிறார்கள். விடலாமா?

குளச்சல் தையல்கடை:

எல்லாருக்கும் வணக்கம். குளச்சலில் சின்னதாய் ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். போனால் பத்துப் பதினைந்து நாள் கழித்துதான் கரை. மகளுக்கு 17 வயது. நடக்கப் படித்த நாளிலிருந்து கடற்கரை மணலில் பையன்களோடு பந்து உதைத்து வளர்ந்தவள். போன மாதம் நாகர்கோவிலில் ஒரு பயிற்சியாளர் இவள் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, "செவன்ஸ் ரக்பிக்கு வா" என்று கூப்பிட்டிருக்கிறார். நான்கு வாரமாகப் போய் வருகிறாள்.

சனிக்கிழமை வந்ததும் ஜெர்சியைக் கழற்றி என் மிஷின் மேல் போட்டாள். வலது கைக்குழித் தையல் பிரிந்து விலா வரைக்கும் கிழிந்திருந்தது. நானே இரட்டைத் தையல் போட்டு ஓவர்லாக் அடித்துக் கொடுத்தது. இந்தப் பக்கத்துக் கபடிப் பையன்களின் பனியன் எத்தனையோ தைத்திருக்கிறேன், இப்படி ஒரு கிழிசல் பார்த்ததில்லை. துணிக்கே இந்தக் கதி என்றால் பிள்ளையின் தோள்பட்டை என்னவாகும் என்று அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

மகள் போனில் ஒரு ஆட்டம் காட்டினாள். 2025 ஆகஸ்டில் பீகார் ராஜ்கிரில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் ஆசியப் போட்டி. நம் இந்தியப் பெண் பிள்ளைகள் உஸ்பெகிஸ்தானை 12-5 என்று ஜெயித்து வெண்கலம் வாங்கினார்கள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சாயா ஆறுவதற்குள் ஆட்டமே முடிந்துவிட்டது! அந்த 12 எப்படி வந்தது, 5 எப்படி வந்தது? இதில் இவள் எவ்வளவு தூரம் போக முடியும்? என் அண்ணன், "பேசாமல் கபடிக்கு விடு" என்கிறார். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய விங்கர்:

அக்கா, நான் மார்த்தாண்டம் பக்கம். ஏழு வருடம் ரக்பியில் விங்கில், அதாவது களத்தின் ஓரத்தில், ஓடினேன், இப்போது சென்னையில் கணக்கெழுதிப் பிழைக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

முதலில் அந்தக் கணக்கு. எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து அழுத்தினால் 'ட்ரை', அதற்கு 5 புள்ளி. அப்புறம் கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பிக்கு மேலே உதைத்தால் கூடுதலாக 2. ஆக 12 என்றால் இரண்டு ட்ரை, ஒரு உதை. 5 என்றால் ஒரு ட்ரை, உதை தவறிவிட்டது. பாதிக்கு ஏழு நிமிடம் என்று மொத்தம் பதினான்கே நிமிடம். ஆனால் களம் பதினைந்து பேர் ஆடுகிற அதே பெரிய களம், ஆள் மட்டும் ஏழு. அதனால்தான் உங்கள் சாயா ஆறவில்லை, அவர்களுக்கோ மூச்சே நின்றுவிடும்.

2024-இல் காத்மாண்டுவில் ஆசிய செவன்ஸ் டிராஃபி இறுதி ஆட்டம். நம் பெண்கள் பிலிப்பைன்ஸிடம் 5-7 என்று தோற்றார்கள். இப்போது நீங்களே கணக்குப் போடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே ஒரு ட்ரைதான். அவர்களுக்கு உதை விழுந்தது, நமக்கு விழவில்லை. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே இருந்தது அவ்வளவுதான்.

அந்த உதை லேசுப்பட்டதில்லை. பந்தை ஊன்றி வைத்து நிதானமாக உதைக்க செவன்ஸில் இடமில்லை. கையிலிருந்து கீழே விட்டு, தரையில் பட்டு எழும்பும்போது உதைக்க வேண்டும். உருண்டைப் பந்து எங்கே எழும்பும் என்று தெரியும். இது முட்டைப் பந்து, மூக்கு எந்தப் பக்கம் பட்டதோ அந்தப் பக்கம் சாடும். ட்ரை வைத்த அரை நிமிடத்துக்குள் உதைத்தாக வேண்டும், அதுவரை ஓடிய மூச்சு இன்னும் அடங்கியிருக்காது. அதோடு, ட்ரை வைத்த இடத்துக்கு நேராகத்தான் பின்னால் வந்து உதைக்கலாம். ஓரத்தில் வைத்தால் கோணல். அதனால்தான் கோட்டைத் தாண்டிய பிறகும் சிலர் கம்பத்துக்கு நடுவே வரைக்கும் ஓடுவார்கள், ஜம்பத்துக்கு இல்லை.

அக்கா, உங்கள் மகள் பந்து உதைக்கிற பிள்ளை. அந்தப் பயிற்சியாளர் அவள் ஓட்டத்தைப் பார்த்தாராம், நானாக இருந்தால் காலைப் பார்த்திருப்பேன். நம் கடற்கரையில் இப்படி எத்தனை கால்கள் இருக்கின்றன!

எவ்வளவு தூரம் போகலாம் என்றால், ஆசியாவில் இரண்டு படி. மேலே 'சீரிஸ்', அதில் சீனா, ஜப்பான் மாதிரி ஆட்கள். அதற்குக் கீழே 'டிராஃபி'. நாம் 2022-இல் ஜகார்த்தாவிலும் 2024-இல் காத்மாண்டுவிலும் இந்தக் கீழ்ப்படியில் வெள்ளி வாங்கியவர்கள். ஆசிய விளையாட்டில் பெண்கள் செவன்ஸ் வந்தது 2010 குவாங்சோவில். முதல் தங்கம் கஜகஸ்தானுக்கு, அப்புறம் சீனாவும் ஜப்பானும்தான். மேல்படிக்கும் நமக்கும் தூரம் அதிகம், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இந்திய அணியில் ஒடிசா, பீகார், வங்காளப் பிள்ளைகள் நிறைய. அவர்களில் பலர் பள்ளிக்கு வந்த பிறகுதான் முட்டைப் பந்தையே பார்த்தவர்கள். 17 வயதில் தொடங்குவது தாமதம் இல்லை.

தக்கலை கபடி மாமா:

தங்கச்சி, உன் அண்ணன் சொன்னதுதான் எனக்கும் படுகிறது. கபடி என்றால் ஊருக்கு ஊர் ஆட்டம் உண்டு, கூட்டம் உண்டு. ரக்பி ஆட நாகர்கோவிலை விட்டால் வேறு எங்கே போவாய்? மேட்ச் வேண்டுமென்றால் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். பிள்ளையின் படிப்பு என்னாவது? வேலை வாய்ப்பை நம்பி இறங்குவதாக இருந்தால், விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் ரக்பி இருக்கிறதா என்று அரசாணையை வாங்கிப் பார்த்துவிட்டு இறங்கு.

பழைய விங்கர்:

மாமா சொல்வதில் ரயில் விஷயம் உண்மை. என் அப்பா கடன் வாங்கித்தான் டிக்கெட் எடுத்தார். ஆனால் கபடி ஆடிய பிள்ளைக்கு இது பாதி தெரிந்த மாதிரிதான். கணுக்கால் பிடிக்கத் தெரிந்தவள், பந்தோடு ஓடுகிறவளைப் பிடித்துச் சாய்க்கிற 'டேக்கிள்' சீக்கிரம் படிப்பாள். ஒன்று மட்டும் மறக்க வேண்டும்: கபடியில் பிடித்தால் விடக்கூடாது, இங்கே கீழே சாய்த்ததும் விட்டுவிட வேண்டும். விழுந்தவளும் பந்தை விட வேண்டும். தோளுக்கு மேலே கை போனால் எதிரணிக்குத் தண்டனை உதை, மோசமாகப் போனால் மஞ்சள் அட்டை. இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். பதினான்கு நிமிட ஆட்டத்தில் இரண்டு நிமிடம் ஆறு பேராக ஆடினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டாம்.

நெய்யூர் ஃபிசியோ:

அடிபடுமா என்றால், படும். தோள், காறை எலும்பு, முழங்கால் மூன்றையும் அதிகம் பார்க்கிறேன். பெண் பிள்ளைகளுக்கு முழங்காலில் ஜவ்வு கிழியும் ஆபத்து கால்பந்திலும் இருக்கிறது, அதற்குப் பயந்து அதை நிறுத்தினீர்களா? நான் கவனிக்கச் சொல்வது தலையைத்தான். தலையில் அடிபட்டு மயங்கினாலோ, தடுமாறினாலோ, சொன்னதையே திரும்பக் கேட்டாலோ அந்த நிமிடமே வெளியே கூட்டி வர வேண்டும். அன்றைக்கு மறுபடி களம் கிடையாது. ஜெயிக்கிற ஆட்டமாக இருந்தாலும் பயிற்சியாளர் அப்படிச் செய்கிறாரா என்று ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். செய்யாதவர் என்றால் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

குளச்சல் தையல்கடை:

எல்லாருக்கும் நன்றி. இன்று மதியமே கடையை அடைத்துவிட்டு மைதானத்துக்குப் போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் முதலில் முட்டி போட்டபடி ஒருத்தியை ஒருத்தி சாய்த்துப் பழகினார்கள். கன்னம் எதிராளியின் தொடையோடு ஒட்ட வேண்டும், தலை அவள் பின்பக்கம் போய்விட வேண்டும், இரண்டு கையும் சுற்றி வளைக்க வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். ஒரு பிள்ளை தலையை முன்பக்கம் வைத்தாள். விசில் அடித்து எல்லாரையும் நிறுத்தி முதலிலிருந்து செய்ய வைத்தார். நெய்யூர்க்காரர் சொன்னதை அவரிடமே கேட்டேன். முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்.

வீட்டுக்கு வந்த மகள் அந்த உதையைக் காட்டுகிறேன் என்று முற்றத்தில் நின்று பந்தை விட்டாள். அது சாடிப் பக்கத்து வீட்டு ஓட்டில் விழுந்தது. ஓடு ஒன்று போச்சு. அதற்கு "கொள்ளாம், நல்ல உதை" என்று அவளே சொல்லிக்கொள்கிறாள்.

அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் கிடக்கட்டும். விங்கர் தங்கச்சி, எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. கைக்குழியில் உள்ளே ஒரு பட்டித் துணி வைத்துக் கொஞ்சம் தாராளமாகத் தைத்துவிடட்டுமா?

பழைய விங்கர்:

பட்டி வையுங்கள் அக்கா, ஆனால் தாராளம் வேண்டவே வேண்டாம். உடம்போடு ஒட்டி இறுக்கமாகத் தையுங்கள். தொளதொளவென்று இருந்தால் எதிராளிக்கு நீங்களே கைப்பிடி தைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.