விண்டோஸை விட்டு வந்த பிறகு எந்த கேட் (கணினியில் பிளான், டிசைன் வரையும்) மென்பொருள்? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மதுரை டிராஃப்ட்ஸ்மேன்:
எம்1 சிப் உள்ள ஆப்பிள் மேக் வாங்கி மூன்றாம் நாள். பரப்பளவு அட்டவணை போட என்னிடம் ஒரு லிஸ்ப், அதாவது ஆட்டோகேடுக்குள் ஓடும் சின்ன நிரல், இருக்கிறது, பன்னிரண்டு வருடப் பழக்கம். அறையைத் தொட்டால் சதுர அடி தானாக அட்டவணையில் விழும். மறுநாள் அப்ரூவலுக்குப் போக வேண்டிய பிளான். வீட்டுக்காரப் பெரியவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். கமாண்டைத் தட்டினேன். 'நோ ஃபங்ஷன் டெஃபனிஷன்' என்று ஒரே வரி. திரும்பத் தட்டினேன், அதே வரி. "என்ன தம்பி, புது மிஷின் கணக்குப் போடாதா?" என்றார். பதினோரு அறையையும் கால்குலேட்டரில் போட்டுக் கொடுத்தேன். அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அந்த லிஸ்ப்பில் விஎல்ஏ என்று தொடங்கும் வரிகள் ஆக்டிவ்எக்ஸ் என்ற வசதியை நம்பியவை, அது விண்டோஸுக்கே உரியது என்று அப்புறம்தான் தெரிந்தது.

திருச்சி உபுண்டு:
எனக்கு லிஸ்ப் இல்லை, எழுத்துதான் பிரச்சினை. அப்பா வரைந்த கடைசி வீட்டுப் பிளான். ஆட்டோகேடின் டிடபிள்யூஜி கோப்பை ஓடிஏ கன்வர்ட்டரில், மற்ற மென்பொருள்களும் படிக்கும் டிஎக்ஸ்எஃப் ஆக்கி, லிப்ரேகேட் என்ற இலவச 2டி மென்பொருளில் திறந்தேன். சுவர், கதவு, ஜன்னல் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. 'பூஜை அறை' இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஆங்கில எழுத்தும் கூட்டல் குறியும். அவர் பாமினியில் தட்டியிருக்கிறார். அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கு அது வெறும் ஆங்கில விசைகள்தான். ஒவ்வொரு சொல்லாக எடுத்து யூனிகோடு மாற்றியில் ஒட்டிப் படித்தேன். ராத்திரி ஒரு மணி ஆகிவிட்டது.

கோவை லேத் பட்டறை:
மதுரை அண்ணா, இதில் மேக்கைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வாங்கும் முன் சோதித்திருக்க வேண்டும். என் கதை சின்னது: நான் வரையும் சாலிட்வொர்க்ஸ் என்ற 3டி மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான், எம் வகை மேக்கில் விண்டோஸை நிறுவ உதவும் பூட்கேம்ப் கிடையாது, அதனால் பழைய விண்டோஸ் கணினியைப் பட்டறையிலேயே வைத்துக்கொண்டேன். இனி மாறப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். உங்களிடம் இருப்பதிலேயே சிக்கலான டிராயிங்கை எடுங்கள், சாம்பிள் கோப்பு வேண்டாம். சோதனைப் பதிப்பில் திறந்து, ஒரு சுவரை நகர்த்தி, சேமித்து, விண்டோஸ் வைத்திருக்கும் நண்பருக்கு அனுப்புங்கள். அவர் பிரிண்ட் எடுத்து அனுப்பட்டும். சிடிபி (பிரிண்ட் அமைப்புக் கோப்பு) சொல்லும் கோடு தடிமன், டைமென்ஷன் அளவு, ஹாட்ச் (பரப்பை நிரப்பும் கோட்டு வடிவம்), எழுத்துரு நான்கையும் காகிதத்தில் பாருங்கள், திரையில் பார்த்து ஏமாறாதீர்கள். 2டி வேலைக்கு பிரிக்ஸ்கேட் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், லிஸ்ப்பும் எடுக்கும், ஆனாலும் உங்கள் லிஸ்ப்பை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 3டி என்றால் ஃப்ரீகேட் என்ற இலவச மென்பொருள். அடிப்படை ஸ்கெட்சை மாற்றினால் ஃபில்லட் (விளிம்பை உருட்டும் வளைவு) வேறு விளிம்புக்குத் தாவும் அதன் பழைய தொல்லை 2024 நவம்பரில் வந்த 1.0-இல் பெரிதும் குறைந்திருக்கிறது. பழைய கணினியை மட்டும் யாரும் விற்காதீர்கள்.

சேலம் மாணவி:
அண்ணா, பழையதை விற்றுத்தான் நான் புதியது வாங்கினேன். இரண்டு கணினி வைத்துக்கொள்வது எல்லோராலும் முடியாது. லினக்ஸுக்கு வந்ததும் பிரவுசரில் ஓடும் கேட் மென்பொருள் ஒன்றை எடுத்தேன். இறுதியாண்டு புராஜெக்ட், ஒரு கிளாம்ப் டிசைன். ஒரு நாள் தேடல் பெட்டியில் சும்மா 'கிளாம்ப்' என்று தட்டினால் என் டிசைனே வருகிறது. இலவசக் கணக்கில் வரைவது எல்லாம் பொதுவில் இருக்குமாம். கை நடுங்கிவிட்டது. இப்போது ஃப்ரீகேடில் முதலிலிருந்து வரைகிறேன்.

மதுரை டிராஃப்ட்ஸ்மேன்:
கோவை தம்பி, சோதிக்காமல் வாங்கியது என் தப்புதான். மேக்கை நான் குறை சொல்லவில்லை. விஎல்ஏ வரிகளை எடுத்துவிட்டு, லிஸ்ப்பிலிருந்து ஏரியா கமாண்டையே கூப்பிடும்படி மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். சதுர அடி சரியாக வருகிறது. அட்டவணை இன்னும் வரவில்லை.