தாத்தா திண்ணைக்கு ஒரு டிரஸ்ட்

குழு: தாத்தா திண்ணை
ஞாயிறு, காலை 7.12

பெரியப்பா: அனைவருக்கும் காலை வணக்கம் 🙏 தாத்தாவின் திண்ணை டியூஷனுக்கு டிரஸ்ட் பத்திரம் எழுத ஆள் பேசிவிட்டேன். அடுத்த வாரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடலாம். நான் நிரந்தரத் தலைவர், என் மகன் கார்த்தி செயலாளர், தம்பி பொருளாளர். தாத்தா வீட்டையும் டிரஸ்ட் பெயருக்கே எழுதிவிடலாம். வரைவு கீழே.

பெரியப்பா: (படம்)

செல்வி அத்தை: படம் தலைகீழாக இருக்கிறது அண்ணா.

அப்பா: நான் பொருளாளரா? என்னிடம் யாரும் கேட்கவே இல்லையே.

கார்த்தி அண்ணா: நல்ல விஷயம் அப்பா. டொராண்டோவிலிருந்து நான் 5 லட்சம் அனுப்புகிறேன். எந்த அக்கவுண்டுக்கு?

நித்யா: கார்த்தி அண்ணா, ப்ளீஸ், இன்றைக்கு எதையும் அனுப்பாதீர்கள். பெரியப்பா, வரைவை முழுக்கப் படித்துவிட்டு எழுதுகிறேன்.

குமார் மாமா: ஆடிட்டர் ஆபீஸ் விழித்துக்கொண்டது.

9.48

நித்யா: படித்துவிட்டேன். முதலில் நோக்கம் என்ற பகுதி. "நமது சமுதாய மாணவர்களின் கல்விக்காக" என்று இருக்கிறது. இந்த ஒரு வரி போதும், வருமான வரி விலக்கு போய்விடும். ஒரே சாதிக்கோ ஒரே மதத்துக்கோ நன்மை செய்யும் டிரஸ்டுக்கு வருமான வரிச் சட்டத்தில் விலக்கு கிடையாது. நன்கொடை கொடுப்பவருக்குக் கிடைக்கும் வரிக் கழிவிலும் அப்படித்தான். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகளுக்கு என்று எழுதினால் அது வேறு.

பெரியப்பா: அது பத்திரம் எழுதுபவர் வழக்கமாகப் போடும் வாசகம் அம்மா. நான் சொல்லி எழுதியதில்லை.

செல்வி அத்தை: திண்ணைக்கு இப்போது 42 பிள்ளைகள் வருகிறார்கள். பாதிப் பேர் கீழத்தெரு. அப்பா உயிரோடு இருந்தவரை ஒரு பிள்ளையிடமும் நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டதில்லை. அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

பெரியப்பா: சரி, எடுத்தாயிற்று.

நித்யா: "மாலை நேர டியூஷன்" என்று மட்டும் நோக்கத்தைக் குறுக்கவும் வேண்டாம். நாளைக்கு ஒரு நூலகமோ காலைச் சிற்றுண்டியோ தொடங்க நினைத்தால் பத்திரம் இடம் தராது. நோக்கத்தைப் பின்னால் மாற்றுவது பெரிய தலைவலி.

குமார் மாமா: டிரஸ்ட்தான் வேண்டுமா? எங்கள் அபார்ட்மென்டில் சங்கம் என்று பதிந்தார்களே.

நித்யா: அதுவும் செய்யலாம் மாமா. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. குறைந்தது 7 பேர் வேண்டும், மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். நிர்வாகக் குழுவின் காலம் 3 ஆண்டுக்கு மேல் போகாது, ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும். நம் வீட்டில் ஒரு கல்யாணத்துக்கே எல்லோரும் ஒன்றாக வருவதில்லை. லாப நோக்கமில்லாத பிரிவு 8 கம்பெனி என்று இன்னொன்றும் உண்டு, 2 பேர் போதும். ஆனால் வருடா வருடம் தாக்கல் செய்ய ஏகப்பட்ட படிவங்கள். வருடத்துக்கு 2 லட்சம் செலவுள்ள திண்ணைக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை.

அப்பா: அப்படியானால் டிரஸ்ட்தான்.

நித்யா: டிரஸ்ட்தான். ஆனால் "நிரந்தரத் தலைவர்" வேண்டாம் பெரியப்பா. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பெரியப்பா: கோபம் ஏன்? காரணத்தைச் சொல்.

நித்யா: உங்களுக்குப் பிறகு யார், எப்படித் தேர்வு, ஒருவரை நீக்க என்ன வழி என்று வரைவில் ஒரு வரிகூட இல்லை. அது இல்லாத டிரஸ்டில் சண்டை வந்தால் கடைசியில் கோர்ட்டில்தான் போய் நிற்கும். டிரஸ்ட் மூடப்பட்டால் மீதி சொத்து இதே நோக்கமுள்ள வேறு டிரஸ்டுக்குப் போகும், குடும்பத்துக்குத் திரும்பாது என்பதையும் எழுத வேண்டும்.

செல்வி அத்தை: அப்போ வீடு?

நித்யா: அதைத்தான் சொல்ல வந்தேன். வீட்டை எழுதிக் கொடுத்தால் கொடுத்ததுதான். வீடு இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது, பாகப் பிரிவினையும் ஆகவில்லை. எல்லா வாரிசும் கையெழுத்துப் போட வேண்டும். இப்போதைக்கு வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து, வாடகை இல்லாமல் திண்ணையையும் முன்னறையையும் பயன்படுத்த 11 மாத ஒப்பந்தம் போட்டுக் கொடுப்போம். டிரஸ்ட் பத்து வருஷம் நன்றாக நடந்த பிறகு வீட்டைப் பற்றிப் பேசலாம்.

அப்பா: இதற்கு நான் கைதூக்குகிறேன்.

பெரியப்பா: ம்.

(பெரியப்பாவின் "ம்"முக்குப் பிறகு நாற்பது நிமிடம் யாரும் எதுவும் எழுதவில்லை)

11.05

கார்த்தி அண்ணா: என் 5 லட்சம் என்ன ஆச்சு?

நித்யா: அண்ணா, நீங்கள் கனடா குடியுரிமை வாங்கிவிட்டீர்கள். இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ கார்டு இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைகளுக்கான எஃப்சிஆர்ஏ சட்டத்தின் கண்ணில் நீங்கள் வெளிநாட்டவர்தான். அந்தச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் டிரஸ்ட் உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

குமார் மாமா: அப்போ நானும் அவுட்டா?

நித்யா: இல்லை மாமா. சிங்கப்பூரில் இருந்தாலும் உங்களிடம் இந்தியப் பாஸ்போர்ட்தானே. உங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் ஒன்றை ஃபைலில் வைத்துக்கொள்வோம்.

கார்த்தி அண்ணா: எளிய வழி இருக்கிறது. நான் அப்பா அக்கவுண்டுக்கு அனுப்புகிறேன். மகன் அப்பாவுக்கு அனுப்புவதை யார் கேட்பது? அப்பா டிரஸ்டுக்குக் கொடுக்கட்டும்.

பெரியப்பா: அதுதான் சரி.

நித்யா: அதுதான் சரியில்லை! வெளிநாட்டிலிருந்து வந்த பணம் ஒருவர் கை மாறி வந்தாலும், பத்துப் பேர் கை மாறி வந்தாலும் வெளிநாட்டு நன்கொடைதான் என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. அப்பாவின் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் அனுப்புங்கள், கேள்வி இல்லை. டிரஸ்டுக்காக என்று அனுப்பினால் மாட்டப்போவது பெரியப்பாதான்.

கார்த்தி அண்ணா: அந்தப் பதிவையே வாங்கிவிட்டால்?

நித்யா: பொதுவாக 3 ஆண்டு நடந்திருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் செலவு செய்திருக்க வேண்டும். நம் செலவு மூன்று ஆண்டுக்கும் சேர்த்தே 6 லட்சம்தான். கிடைத்தாலும் டெல்லி ஸ்டேட் பாங்க் மெயின் கிளையில் தனிக் கணக்கு, தனி அறிக்கை என்று வேலை இழுக்கும்.

செல்வி அத்தை: கார்த்தி, பணம் இருக்கட்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு ஆசிரியர் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் வீடியோ காலில் வர முடியுமா?

கார்த்தி அண்ணா: அத்தை, இங்கே அப்போது நான் எழுந்துகூட இருக்க மாட்டேன்.

செல்வி அத்தை: தாத்தா உன்னை அஞ்சு மணிக்கு எழுப்பித்தான் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார்.

கார்த்தி அண்ணா: சரி அத்தை. வருகிறேன்.

குமார் மாமா: நித்யா, எனக்கு இந்தியாவில் வாடகை வருமானம் இருக்கிறது. நன்கொடை கொடுத்தால் வரி எவ்வளவு குறையும்?

நித்யா: புதிய வரி முறையில் இருக்கிறீர்களா?

குமார் மாமா: ஆமாம்.

நித்யா: அப்படியானால் ஒன்றும் குறையாது. பழைய முறையில் இருப்பவர்களுக்குத்தான் அந்தக் கழிவு. அதிலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கணக்கில் வராது. இருந்தாலும் டிரஸ்டின் வரி விலக்கு, நன்கொடையாளரின் வரிக் கழிவு இரண்டுக்கும் விண்ணப்பிப்போம். முதலில் 3 ஆண்டுக்குத் தற்காலிகப் பதிவு தருவார்கள். வேலை தொடங்கிய 6 மாதத்துக்குள் முறையான பதிவுக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். பல டிரஸ்ட்கள் இந்த இரண்டாவது விண்ணப்பத்தை மறந்துவிட்டுத்தான் எங்கள் ஆபீஸுக்கு ஓடி வருகின்றன.

அப்பா: பொருளாளர் காலண்டரில் குறித்துக்கொண்டார்.

நித்யா: டிரஸ்ட் பெயரில் பான் எடுத்து, வங்கிக் கணக்கு திறக்கும் வரை பெரியப்பா அக்கவுண்டில் இனி யாரும் பணம் போட வேண்டாம். போன வருடம் போட்ட 2 லட்சத்துக்கு ஒரு ரசீதுகூட நம்மிடம் இல்லை.

பெரியப்பா: ரசீது இல்லை. நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு ரூபாயும் எழுதியிருக்கிறேன்.

நித்யா: தெரியும் பெரியப்பா. அந்த நோட்டை எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள்.

12.20

பெரியப்பா: (படம்)
பெரியப்பா: (படம்)
பெரியப்பா: வரைவில் "நிரந்தர" என்பதை அடித்துவிட்டேன். 3 ஆண்டு என்று போட்டிருக்கிறேன். செயலாளர் இனி செல்வி. ஊரில் இருப்பவள் அவள்தான்.

செல்வி அத்தை: இந்தப் படமும் தலைகீழ் அண்ணா.