பயிற்சியாளர் பதவிக்கு "மாநில அணியில் ஆடியிருக்க வேண்டும்" என்ற விதி தேவைதானா?

கேள்வி: மன்றச் செயலாளர்

எங்கள் ஊர் விளையாட்டு மன்றத்தில் பத்து முதல் பதினாறு வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் பயிற்சியாளர் ஒருவரை அமர்த்தவிருக்கிறோம். விளம்பரத்தின் வரைவில், "மாநில அணிக்காகக் குறைந்தது ஓர் ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும்" என்றொரு விதி இருக்கிறது. விளம்பரம் வெளிவருவதற்கு முன்பே ஒருவர் வந்து மனுக் கொடுத்துவிட்டுப் போனார். பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருபவர். அவரிடம் பயின்ற சிலர் மாவட்ட அணிக்குப் போயிருக்கிறார்கள். ஆனால் அவர் தம் கல்லூரி அணியைத் தாண்டி ஆடியதே இல்லை. "நீந்தத் தெரியாதவரிடமா பிள்ளையை நீச்சல் பழக விடுவோம்?" என்று குழுவில் மூத்தவர் ஒருவர் கேட்டார். எனக்கு உடனே மறுமொழி தோன்றவில்லை. விதியை வைத்துக்கொள்ளலாமா, எடுத்துவிடலாமா?

மறுமொழி: பழைய விக்கெட் கீப்பர்

ஐயா, உங்கள் விதி நடைமுறையில் இருந்திருந்தால் ரமாகாந்த் அச்ரேக்கரின் விண்ணப்பம் முதல் நாளிலேயே குப்பைக்கூடைக்குப் போயிருக்கும். அவர் ஆடிய முதல்தர ஆட்டம் (ரஞ்சி போன்ற பல நாள் ஆட்டம்) ஒன்றே ஒன்றுதான். அதுவும் மாநில அணிக்காக அன்று, ஸ்டேட் வங்கி அணிக்காக. மும்பை சிவாஜி பூங்காவில் அவரிடம் மட்டை பிடித்துப் பழகியவர்கள் சச்சின் டெண்டுல்கர், வினோத் காம்ப்ளி, பிரவீண் ஆம்ரே, அஜித் அகர்கர் என்று நீளும். 1990-இல் அவருக்குப் பயிற்சியாளர்களுக்கான தேசிய விருதான துரோணாச்சார்யா விருது கிடைத்தது. ஸ்டம்பின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, சச்சினை ஆட்டமிழக்கச் செய்பவருக்கு அது சொந்தம், கடைசிவரை நின்றால் சச்சினுக்கே சொந்தம் என்பாராம். இந்தக் கதையை எல்லோரும் இனிப்பாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் தெரிவது ஓர் ஆசிரியரின் கணக்கு. நாள் முழுவதும் ஆடிக் களைத்த சிறுவனுக்கு வலைப்பயிற்சியின் கடைசிப் பதினைந்து நிமிடங்களில்தான் கவனம் சிதறும், அந்த நேரத்துக்கு ஒரு விலை வைத்தால் அவன் கவனத்தைச் சிதறவிட மாட்டான் என்பதை அவர் அறிந்திருந்தார். அதை அறிவதற்கு ஆயிரம் ஓட்டங்கள் எடுத்திருக்க வேண்டியதில்லை. ஆயிரம் சிறுவர்களைப் பார்த்திருக்க வேண்டும்.

அவருடைய மாணவர் சந்திரகாந்த் பண்டிட்டையும் பாருங்கள். ஐந்து டெஸ்ட், 36 ஒருநாள் ஆட்டங்கள். ஆட்டக்காரராக அவரை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? பயிற்சியாளராக மும்பைக்கும், அதுவரை ரஞ்சிக் கோப்பையையே தொட்டறியாத விதர்பாவுக்கும், பின்னர் மத்தியப் பிரதேசத்துக்கும் அதை வென்று கொடுத்தார். 1998-99 பருவத்தில் மத்தியப் பிரதேச அணித் தலைவராக அவர் இறுதியாட்டத்தில் தோற்ற அதே பெங்களூரு சின்னசாமி மைதானத்தில்தான், 2022-இல் அவர் பயிற்றுவித்த மத்தியப் பிரதேசம் மும்பையை வீழ்த்தியது.

மறுமொழி: இறகுப்பந்து ரசிகை

அச்ரேக்கரைக் காட்டியே எல்லோரும் வாதத்தை முடித்துவிடுகிறார்கள். இறகுப்பந்துப் பயிற்சியாளர் கோபிசந்தை எங்கே வைப்பீர்கள்? 2001-இல் ஆல் இங்கிலாந்துப் பட்டம் வென்றவர். அவரிடம் பயின்ற சாய்னா நேவால் 2012-இல் ஒலிம்பிக் வெண்கலமும், பி. வி. சிந்து 2016-இல் வெள்ளியும் பெற்றார்கள். அந்த 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு முன் சில மாதங்கள் சிந்துவின் கைபேசியையே அவர் வாங்கி வைத்துக்கொண்டார். இதைக் கல்லூரி அணியோடு நின்ற ஒருவர் சொல்லியிருந்தால் ஒலிம்பிக்குக்குப் போகும் ஆட்டக்காரர் கேட்டிருப்பாரா என்பதே என் ஐயம். பெரிய ஆட்டக்காரர் சொல்லுக்குத் தொடக்கத்திலேயே ஒரு மதிப்பு இருக்கிறது. மற்றவர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பாதிக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். முழங்கால் காயத்தாலும் அறுவைச் சிகிச்சைகளாலும் தம் ஆட்டத்தைக் கோபிசந்த் மீண்டும் அடியிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. இயல்பாக வந்த ஒன்றை இழந்து, யோசித்துத் திரும்பப் பெற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் வருகிறது என்று நினைக்கிறேன்.

மறுமொழி: மூன்றாம் நடுவர்

கிரெக் சேப்பல் 87 டெஸ்டுகளில் 7,110 ஓட்டங்கள் எடுத்தவர். இந்திய அணிக்கு அவர் பயிற்சியாளராக இருந்த காலம் 2007 உலகக் கோப்பையில் இந்தியா முதல் சுற்றோடு வெளியேறியதில் முடிந்தது. அந்தக் கோப்பையை வென்ற ஆஸ்திரேலியாவின் பயிற்சியாளர் ஜான் புக்கானன், குயின்ஸ்லாந்துக்காக ஏழு முதல்தர ஆட்டங்கள் ஆடியவர். ஆனால் 2011-இல் இந்தியாவைக் கோப்பைக்கு அழைத்துச் சென்ற கேரி கிர்ஸ்டன் 101 டெஸ்டுகள் ஆடியவர். இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் வாதாடலாம்.

மறுமொழி: காய் நகர்த்துபவர்

சதுரங்கத்தில் இந்தக் கேள்வி இன்னும் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் அங்கே உடல் வலிமை குறுக்கே வருவதில்லை. மாஸ்கோவின் மார்க் துவரெட்ஸ்கி, சதுரங்கத்தின் மிக உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெறாமலே போனவர். அதற்கு அடுத்த படியான சர்வதேச மாஸ்டர்களுள் மிக வலிமையானவராக இருந்தும் இளமையிலேயே போட்டியை ஒதுக்கிப் பயிற்சிக்குத் திரும்பினார். அவருடைய மாணவர்களான யூசுப்போவ் 1977-இலும் தல்மாத்தோவ் 1978-இலும் உலக இளையோர் பட்டம் வென்றார்கள். பலகையில் காய்கள் நிற்கும் நிலைகளைத் துவரெட்ஸ்கி அட்டை அட்டையாகத் தொகுத்து வைத்திருந்தார். மாணவனின் ஆட்டங்களை ஆராய்ந்து, அவன் எந்த வகை முடிவெடுப்பதில் தடுமாறுகிறான் என்று கண்டு, அந்தக் குறைக்குரிய அட்டைகளை எடுத்துக் கொடுப்பார். இது மருத்துவரின் வேலையைப் போன்றது.

நம் சென்னையிலும் அப்படித்தான். பிரக்ஞானந்தாவின் ஆசிரியர் ஆர். பி. ரமேஷும், குகேஷைப் பல ஆண்டுகள் பயிற்றுவித்த விஷ்ணு பிரசன்னாவும் உலகப் பட்டத்தை எட்டிப் பிடிக்கும் நிலையில் இருந்தவர்கள் அல்லர். ஆனால் இருவருமே கிராண்ட்மாஸ்டர்கள். ரமேஷ் 2002-இல் பிரிட்டிஷ் பட்டமும் 2007-இல் காமன்வெல்த் பட்டமும் வென்றவர். ஆகவே செயலாளர் ஐயா, உங்கள் குழுவில் மூத்தவர் கேட்டதை அடியோடு தள்ளிவிடாதீர்கள். நீந்தத் தெரிந்திருக்கத்தான் வேண்டும். கடலை நீந்திக் கடந்திருக்க வேண்டுமா என்பதே கேள்வி. பத்து வயதுப் பிள்ளையின் கால் எங்கே தவறுகிறது என்று பார்க்கக் கல்லூரி அணி வரை ஆடியவரின் கண் போதும். பிள்ளை மாநில அணிக்குப் போன பிறகு வேறொருவர் தேவைப்படலாம். 2024-இல் குகேஷ் உலகப் பட்டத்துக்கு ஆடியபோது அவருடைய பயிற்சிக்குழுவை வழிநடத்தியவர் போலந்தின் கஜெவ்ஸ்கி.

மீண்டும்: மன்றச் செயலாளர்

எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் குழு கூடியது. விதியை "போட்டி ஆட்டங்களில் ஆடிய அனுபவம் வேண்டும்" என்று தளர்த்தினோம். அத்துடன், விண்ணப்பிப்பவர் ஒவ்வொருவரிடமும் முன்பின் தெரியாத ஆறு பிள்ளைகளை ஒரு மணி நேரம் ஒப்படைத்துப் பார்ப்பதென்றும் முடிவாயிற்று. மாநில அணியில் ஆடிய இருவரும் விண்ணப்பிப்பார்கள் போலிருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் எதைக் கவனிப்பது?

மறுமொழி: பழைய விக்கெட் கீப்பர்

ஆறு பேரில் ஆகக் குறைவாக ஆடுகிற பிள்ளையிடம் அவர் எத்தனை நிமிடம் நிற்கிறார் என்று பாருங்கள். முதல் முறை சொன்னது புரியாதபோது அதே சொல்லை உரக்கச் சொல்கிறாரா, வேறு விதமாகச் சொல்கிறாரா என்றும் கேளுங்கள். மட்டையைத் தாமே வாங்கி ஆடிக்காட்டத் தொடங்கினால், எவ்வளவு நேரம் கழித்துத் திருப்பிக் கொடுக்கிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.