அணைத் தண்ணீரை நம்பும் வயலுக்கு வறட்சிக் காப்பீடு தேவையா?

பட்டர்வொர்த் மருமகன்:
என் மாமனார் நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடைமடையில் (வாய்க்காலின் கடைசிப் பகுதியில்) மூன்று ஏக்கர் சம்பா நடுபவர். பயிர்க் காப்பீட்டுப் பிரீமியத்தை ஆண்டுதோறும் நான்தான் பினாங்கிலிருந்து அனுப்பி வருகிறேன். இவ்வாண்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சென்ற முறை கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வாய்க்கால் வறண்டு, கையில் கசக்கிப் பார்த்த கதிரெல்லாம் பதராக உதிர்ந்தது. ஆனால் கிராமத்தின் சராசரி விளைச்சலைக் கணிக்கும் அறுவடைச் சோதனைக்கு எடுத்த வயல்கள் தலைப்பு மதகை ஒட்டியிருந்ததால் கிராமச் சராசரி உயர்ந்து, இழப்பீடு வரவில்லை. இனியும் கட்டச் சொல்லலாமா?

ஜாலான் ஈப்போ வாசகர்:
உங்கள் மாமனார் சொல்வதே நியாயம், ஐயா. காவிரியின் மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்படுமா என்பது குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் மழையையும், 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு உறுதிசெய்த 177.25 டி.எம்.சி. காவிரி நீர் (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) முறையாக வந்து சேர்வதையும் பொறுத்தது. தண்ணீரைப் பங்கிடும் பொறுப்பு அரசுகளுடையது. பங்கீடு தவறும்போது இழப்பை ஈடுசெய்ய வேண்டியவர்களும் அவர்களே. அதற்கு உழவர் ஏன் பிரீமியம் கட்ட வேண்டும்? பிரீமியத்துக்கு அரசு தரும் மானியத்தில் வாய்க்காலைத் தூர்வாரினால் கடைமடைக்கு நீராவது போய்ச் சேரும்.

செபராங் பிறைக்காரர்:
தூர்வாருவதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் தூர்வாரிய வாய்க்காலிலும், அணையில் நீர் இல்லாத ஆண்டில், தூசிதான் பறக்கும். 2016-இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் நெல்லுக்கு உழவர் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் காரிஃபுக்கு (மழைக்காலப் பருவம்) 2 சதவீதம், ராபிக்கு (குளிர்காலப் பருவம்) 1.5 சதவீதம் மட்டுமே. மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. நீரில்லாமல் ஒரு கிராமத்தில் 75 சதவீதப் பரப்பில் நடவே நடக்காவிட்டால், காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் கிடைக்க வழியுண்டு. குறை வேறிடத்தில் இருக்கிறது. 2020-இல் மத்திய அரசு தான் மானியம் தரும் பிரீமிய விகிதத்தின் உச்ச வரம்பை மானாவாரிக்கு 30 சதவீதமாகவும், பாசனப் பகுதிக்கு 25 சதவீதமாகவும் வைத்தது. பாசனம் உண்டென்றால் ஆபத்து குறைவு என்ற எண்ணமே அதில் தெரிகிறது. தலைமடைக்கு அது பொருந்தலாம். கடைமடைக்குப் பொருந்தவே பொருந்தாது. நாகையில் வைத்த மழைமானி குடகின் வறட்சியைக் காட்டாது என்பதால், குறித்த நாளில் மேட்டூரின் நீர்மட்டம் எவ்வளவு என்பதைக் கொண்டே இழப்பீட்டைத் தீர்மானிக்க வேண்டும். 120 அடி அணையின் அளவை எந்த உழவராலும் திருத்த முடியாது.

ஜாலான் ஈப்போ வாசகர்:
அணை நிறைந்திருந்து கடைமடை காய்ந்தால்? இவருடைய மாமனாருக்கு நேர்ந்தது அதுவாகவும் இருக்கலாம். உங்கள் அளவுகோலில் அவருக்கு ஒரு காசும் வராது. அணையே வற்றினாலோ எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டப்படுவார்கள். நம் கெடாவில் மூடா பாசனத் திட்டம் 1978 வறட்சியில் ஒரு போக நடவையே கைவிட்டது. அத்தனை பேருக்கும் ஒரே ஆண்டில் கொடுக்க எந்தக் காப்பீட்டு நிறுவனத்தால் முடியும்?

செபராங் பிறைக்காரர்:
நிறுவனத்தால் மட்டும் முடியாது. அதற்குத்தான் அரசு பின்னால் நிற்க வேண்டும் என்கிறேன். கடைமடையைப் பற்றி நீங்கள் கேட்டது சரியான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். அணை மட்டம் போதாது. கடைசி மதகில் எத்தனை நாள் தண்ணீர் ஓடியது என்ற கணக்கும் சேர வேண்டும். அறுவடைச் சோதனையிலும் ஒரு கிராமத்துக்கு நான்கு வயல்கள் என்றால், ஒன்றேனும் கடைமடையிலிருந்து எடுக்கப்பட வேண்டும்.

ஜாலான் ஈப்போ வாசகர்:
அந்தக் கணக்கை யார் எழுதுவது? மதகைத் திறப்பவரே எழுதினால் நான் நம்ப மாட்டேன்.

பட்டர்வொர்த் மருமகன்:
மாமனாரிடம் தொலைபேசியில் கேட்டேன். வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள்களை மாத நாட்காட்டியில் பேனாவால் வட்டமிட்டு வைத்திருக்கிறாராம். மூன்று ஆண்டு நாட்காட்டிகள் ஆணியில் அப்படியே தொங்குகின்றனவாம். இந்த முறையும் பிரீமியத்தை அனுப்பிவிட்டேன். நாட்காட்டிகளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் இங்கே பதிவிடுகிறேன்.