கடல் முள்ளெலியில் கிரிஸ்பர்: ஊசியா, தொட்டியா முதலில்?

மட்டக்குளி அக்கா: கொழும்பில் கடல் முள்ளெலி (உருண்டை உடலில் முட்கள் நிறைந்த கடல் விலங்கு) முட்டையில் கிரிஸ்பர் முறையால் மரபணுத் திருத்தம் பழக ஆய்வுகூடம் தொடங்க வேண்டும் என்று அலைவாய் எழுதியிருந்தார். நல்ல ஆசை. ஆனால் முட்டைக்குள் செலுத்தும் நுண்ணூசிக் கருவி வாங்குமுன் முள்ளெலி வளர்க்கும் தொட்டி கட்டுங்கள். கருவுற்ற முட்டையில் காஸ்9 என்ற, மரபணுவை வெட்டும் புரதத்தைச் செலுத்தினாலும், கலம் பிரியத் தொடங்கிய பிறகும் வெட்டு நடக்கும். ஆகவே ஒரே குடம்பியில் திருத்தப்பட்ட கலமும் திருத்தப்படாத கலமும் கலந்து நிற்கும். முழுத் திருத்தம் வேண்டுமென்றால் பேரப்பிள்ளைத் தலைமுறை வரை வளர்க்க வேண்டும். ஜப்பானில் தெம்னோப்ளூரஸ் முள்ளெலியில் 2020இல் அதைச் செய்து காட்டினார்கள். அது அரை வருடத்தில் முதிரும் இனம்.

அலைவாய்: அக்கா, எல்லாக் கேள்விக்கும் பேரப்பிள்ளை தேவையில்லை. அதே 2020இல் அவுஸ்திரேலிய முருகைக்கல் ஒன்றில் எச்எஸ்எஃப்1 மரபணுவைக் குடம்பியிலேயே செயலிழக்க வைத்தார்கள். 27 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அவை நன்றாக இருந்தன, 34 பாகையில் வேகமாகச் செத்தன. திருத்தாத குடம்பிகள் அதே சூட்டைத் தாங்கின. வெப்பம் தாங்க அந்த மரபணு வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. 1998இல் கடல் சூடேறி ஹிக்கடுவை முருகைக்கற்கள் வெளிறிச் செத்த நாட்டில் இதைவிட அவசரமான கேள்வி எது?

கொட்டாஞ்சேனைத் தம்பி: திருத்திய குடம்பி கடலுக்குள் போய்விட்டால்? அதையும் கொஞ்சம் பேசுங்கள்.

மட்டக்குளி அக்கா: தம்பி, வெளியேறும் நீரை வடிகட்டி, கிருமிநீக்கிய பிறகே விட வேண்டும். அதற்கும் ஒழுங்கான தொட்டி அமைப்புதான் தேவை.

அலைவாய், அந்த முருகைக்கல் வருடத்துக்கு ஒருமுறை, பௌர்ணமியை ஒட்டிய சில இரவுகளில்தான் முட்டையிடும். தவறவிட்டால் அடுத்த வருடம்தான். முள்ளெலிக்கு அந்தச் சிக்கல் குறைவு, முதிர்ந்த விலங்குக்குப் பொட்டாசியம் குளோரைட்டு ஏற்றினால் முட்டை விடும். நமக்குச் சிக்கல் தண்ணீர். மழைக்காலத்தில் களனி கங்கை நன்னீரையும் சேற்றையும் எங்கள் கரையில்தான் கொட்டுகிறது. உப்புக் குறைந்தால் முள்ளெலிக் குடம்பி தாங்காது. அது தின்னும் நுண்பாசியையும் நாமே வளர்க்க வேண்டும். கடலட்டையும் முள்ளெலிக்குச் சொந்தம்தான். வடக்கில் கடலட்டைக் குஞ்சு வளர்ப்பவர்களுக்கு இந்த வேலை கைவந்தது. முதலில் அவர்களிடம் போய்ப் பழகுங்கள்.

அலைவாய்: போகலாம், நானே வருகிறேன். ஆனால் தொட்டி முடியும்வரை ஊசியைத் தள்ளிப்போட்டால் இப்போது படிக்கிற பிள்ளைகள் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள். மழைக்கு முந்திய மாதங்களில் உப்பு சரியாக இருக்கும், முட்டையில் ஊசி போட அது போதும். இரண்டையும் ஒரே வருடத்தில் தொடங்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.